ஜோடிக்குத் துணை மீன்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

மகன் நவநீதன், மருமகள் சிந்துஜா. இரண்டு பேரும் பெரம்பூரில் இந்த இரண்டாம் மாடி வீட்டை வாங்கிக் குடிவந்தபோது ஊரே கண் வைத்தது. இப்போது ஒரே சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்துகொண்டு என் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். “அத்தை, கேஸ் தீரப்போகுதுன்னு சொல்லிடுங்க.” “ம்மா, புக் பண்ணியாச்சுன்னு சொல்லு.” நடுவில் நான் தபால்காரி.

நான் விருதுநகரில் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி டீச்சராக இருந்து இந்த மே மாதம்தான் ஓய்வு பெற்றேன். “தனியா எதுக்கு இருக்க, இங்க வந்துடு” என்று நவநீதன் சொன்னான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வந்துவிட்டேன். குடிவந்தவர்கள் நல்ல மாதிரி. குழந்தைக்குத் தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி அடிக்கலாமா என்று கேட்டார்கள். அடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஹாலில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கிறது. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஆசையாக வாங்கியது. போன மழைக்காலத்தில் கரண்ட் போய்க் காற்று மோட்டார் நின்றதில் மற்ற மீன்கள் எல்லாம் செத்துப்போக, ஒரு ஜோடி மட்டும் பிழைத்தது. பெயர் கிரிபென்சிஸ். மேற்கு ஆப்பிரிக்கா ஆற்று மீனாம். விரல் நீளம்தான். பெண்ணின் வயிறு கோவைப்பழம்போல் சிவந்திருக்கிறது. ஆண் நாள் முழுக்க அதைத் துரத்துகிறது. பாவம், அது கவிழ்த்து வைத்த பூந்தொட்டிக்குள் போய் ஒளிகிறது. வால் கிழிந்திருக்கிறது.

சிந்துஜா அதைப் பார்த்துவிட்டு, “ஆம்பளப் புத்தி” என்றாள். நவநீதன் என்னைப் பார்த்து, “அது என்ன செஞ்சதுன்னு இவ பாத்தாளாம்மா?” என்றான். மீனுக்கும் இந்த வீட்டில் கட்சி.

ஆகஸ்ட் 7, வியாழன்

தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றினேன். முழங்கால் கெஞ்சுகிறது. அதற்குத் தைலம் இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

தண்ணீர் மாற்றியும் ஆண் அடங்கவில்லை. இரண்டே மீன் இருந்தால் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு என்னதான் செய்யும், நாலு மீன் வாங்கி விடலாம் என்று காலை டிபனில் சொன்னேன்.

“வேணாம்மா. அதுல காசு போடாத” என்றான் நவநீதன்.

“ஏன்டா?”

“பொங்கலுக்குள்ள யாருக்காவது குடுத்துடுவோம்.”

சிந்துஜா தட்டிலேயே கண்ணாக இருந்தாள். பிறகு அவளே சொன்னாள். நுங்கம்பாக்கத்தில் ஒரு மகளிர் விடுதியில் இடம் கேட்டிருக்கிறாளாம், அக்டோபரில் காலியாகுமாம். பெரிய சண்டை ஒன்றும் இல்லையாம், ஒத்துப்போகவில்லையாம். வீட்டை விற்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வார்களாம். பொங்கல் முடிந்ததும் வக்கீலைப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். வேறு எதையுமே பேசிக்கொள்ளாதவர்கள் இதை மட்டும் பேசியிருக்கிறார்கள்.

அடித்துக்கொண்டால்கூட விலக்கிவிடலாம். எல்லாவற்றையும் இப்படிப் பூப்போலக் கீழே வைத்துவிட்டுப் போகிறவர்களை எங்கே பிடிப்பது? எனக்குத் தோசை இறங்கவில்லை. ஆனாலும் மலைத்துப் போகிற ஆள் நான் இல்லை. அக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலில் மீனைப் பார்ப்போம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கொளத்தூர் போய் வந்தேன். தெரு முழுக்க மீன் கடை. பத்தடிக்கு ஒரு கடை, கடைக்கு நூறு தொட்டி. கஸ்தூரி என்று ஒரு அம்மாள் நடத்தும் கடையில் நுழைந்தேன். பெரிய பெரிய மீன்களாகக் காட்டினாள். காங்கோ டெட்ரா என்று ஒன்று, வானவில்லை வழித்துப் பூசியதுபோல இருந்தது. அதுவும் ஆப்பிரிக்காவாம். விலையைக் கேட்டதும் கண்ணாடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். உடைந்துவிட்டால் யார் கட்டுவது?

“என் மீனும் ஆப்பிரிக்காதான். அந்த ஊர் மீனே மலிவா எதாவது குடும்மா” என்றேன்.

“ஆப்பிரிக்கன்னா இந்த மஞ்சக் கலருதான் மலிவு. ஆனா இது வேறம்மா, ஏரி மீனு. உன்னுது ஆத்து மீனு. தண்ணியே வேற.”

“ஒரே ஊர்க்காரங்க, அனுசரிச்சுப் போகும்” என்று சொல்லி நாலு வாங்கிக்கொண்டேன்.

“அப்பால என்னாண்ட வந்து சண்ட போடாத” என்றாள். நான் யாரிடமும் வலியப் போய்ச் சண்டை போடுகிறவள் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மஞ்சள் மீன்கள் வந்த மறுநாளே பூந்தொட்டியைப் பிடித்துக்கொண்டன. என் ஜோடி வடிகட்டிக்குப் பின்னால் மூலைக்கு ஒன்றாக ஒண்டிக் கிடக்கிறது. பெண்ணின் வயிற்றில் இருந்த சிவப்பு வெளிறிவிட்டது.

மாலை ஆபீசிலிருந்து வந்த சிந்துஜா பையைக்கூடக் கழற்றாமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படித்தை இதுங்கள ஒண்ணாப் போட்டீங்க?”

“எல்லாம் ஆப்பிரிக்காதானே?”

“ஒரே ஊருன்னு சொல்லித்தானே எங்களையும் சேத்து வச்சீங்க” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் எங்கள் தெருப் பெண். எங்கள் பள்ளியில் படித்தவள், கோகோ நன்றாக ஆடுவாள். நான்தான் பார்த்துப் பேசி முடித்தேன். எழுந்து அடுப்படிக்குப் போனேன். அரிசி களைய வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

மஞ்சள் மீன்களைக் கவரில் பிடித்து ஆட்டோவில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். கஸ்தூரி சிரித்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுடைய நல்ல குணம். இந்த முறை நான் கேட்கிற மாதிரி கேட்டேன்.

ஜோடி மீனுக்குத் தரைதான் வீடு. அதனால் துணைக்கு வருவது மேல் தண்ணீரில் திரிகிற மீனாக இருக்க வேண்டும். கப்பி கூடாது, அதற்கு நீள வால், ஒரே கடியில் போய்விடும். புலிவரி பார்ப் கூடாது, அதுவே கடிக்கும். நியான் ரொம்பப் பொடிசு. கடைசியில் அவள் காட்டியது டேனியோ. உடம்பில் நீலக் கோடு போட்ட நம் நாட்டு மீன். கடையிலேயே விலை குறைந்தது அதுதான். எதைத் தின்றாலும் பிழைக்கும், எந்தத் தண்ணீரிலும் இருக்கும், ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காது.

“ஜோடிய மட்டும் தனியா வுட்டா ஒண்ண ஒண்ணு அட்ச்சிக்கும். கூட நாலு இருந்தா கோவத்த அதுங்க மேல காட்டிக்கும். அப்ப ரெண்டும் ஒண்ணா சேந்துக்கும்.”

“இதுங்களுக்கு அடிபடாதா?”

“ஓடிடும்மா. அதுக்குத்தான சின்னதா வெரசா இருக்கறதா பாக்கறது. ஒண்ணு ரெண்டு போனாலும் பெருசா செலவில்ல.”

ஆறு வாங்கி வந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கஸ்தூரி வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். டேனியோக்கள் மேலே பஸ் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதைப் பார்த்து முதலில் பெண் வெளியே வந்தது, பிறகு ஆண். டேனியோ ஒன்று கீழே இறங்கியதும் இரண்டும் சேர்ந்து பாய்ந்து விரட்டின. விரட்டிவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பெண்ணின் வயிறு மறுபடி சிவந்திருக்கிறது.

கூப்பிட்டேன். இரண்டு பேரும் வந்து பார்த்தார்கள். தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பார்த்துவிட்டு அவரவர் போனைப் பார்க்கப் போய்விட்டார்கள். மீனுக்கு வந்த புத்தி இவர்களுக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. சிந்துஜாவின் பட்டுக் குர்தியையும் நவநீதனின் வெள்ளைச் சட்டைகளையும் என் சிவப்புத் துண்டோடு சேர்த்து மெஷினில் போட்டுவிட்டேன். எல்லாம் ஒரே ரோஸ் நிறம். குர்தி குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது.

சாயங்காலம் இரண்டு பேரும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனியில் நின்றார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

“உங்கம்மாகிட்ட யார் துவைக்கச் சொன்னாங்க?”

“நானா சொன்னேன்? என் சட்டையப் பாரு. நாளைக்கு மீட்டிங்.”

“எதையும் கேக்கறதே இல்ல. அவங்களா முடிவு பண்ணிடறாங்க.”

“சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்டீ. என்னைய எதாவது கேட்டுச் செஞ்சிருக்காங்களான்னு கேளு.”

“டீ” என்றான். நான் வந்து இத்தனை நாளில் அந்த வாயிலிருந்து அந்த எழுத்து வந்து கேட்டதில்லை. நடுவில் தபால்காரி இல்லாமல் கால் மணி நேரம் பேசினார்கள். முழுக்க என்னைத் திட்டித்தான். பிறகு அவள் சிரித்ததும் கேட்டது.

குக்கர் ஐந்தாறு விசில் அடித்தும் அணைக்கத் தோன்றாமல் நின்றேன். சாதம் குழைந்துவிட்டது. அதற்கும் சேர்த்துத் திட்டினார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

நன்றாக யோசித்துவிட்டேன். ஆட்டத்தில் ஒரே அணிக்காரர்கள் முறைத்துக்கொண்டால் எதிர் அணியைப் பலமாகப் போடு என்பது எனக்குத் தெரியாத விஷயமா? பள்ளியில் எத்தனை தடவை செய்திருக்கிறேன். இரண்டு பேரையும் உட்கார வைத்து நல்லது சொல்லலாம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். நல்லதை யார் கேட்கிறார்கள்?

ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு பேரையும் சமமாகப் படுத்த வேண்டும். சிந்துஜாவை மட்டும் படுத்தினால் நவநீதன் என் பக்கம் வந்துவிடுவான், எல்லாம் கெட்டுவிடும். அந்தத் தராசு என்னிடம் இருக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றினேன். மிளகாய்த்தூள் இருந்த இடத்தில் காபித்தூள். காலை ஐந்தரைக்கு ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்தேன், நல்ல காற்று வரட்டும் என்று. அவன் தலைமுடியைப் பற்றி ஒரு தடவை, அவள் தலைமுடியைப் பற்றி ஒரு தடவை பேசினேன்.

மதியம் இரண்டு பேரும் சேர்ந்து மிளகாய்த்தூளைத் தேடினார்கள். தேடும்போது ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டும் முறைக்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. சிந்துஜா லீவு போட்டுவிட்டுக் கொழுக்கட்டை செய்தாள். மேல்மாவு வெண்ணெய் மாதிரி, பூரணம் பதமாக. அப்படி ஒரு கொழுக்கட்டையை நான் செய்ததில்லை. அதைப் போய் “ரப்பர் பந்து” என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. உடனே தராசு ஞாபகம் வந்து, “வாங்கி வந்த அருகம்புல்லைப் பாரு, மாடுகூடத் திங்காது” என்று அவனையும் சொன்னேன்.

நவநீதன் எழுந்து நின்றுவிட்டான். “ம்மா, அவ காலைல இருந்து நிக்கிறா. நல்லாத்தான் இருக்கு. உனக்குப் பிடிக்கலன்னா விடு.” சொல்லிவிட்டு என் தட்டில் இருந்ததையும் எடுத்துத் தின்றான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு நாள் கழித்துப் பார்க்கிறாளோ. எனக்கு ஒரு கொழுக்கட்டைகூட மிஞ்சவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. சாப்பிட்டதும் நடக்கப் போகிறோம் என்று இருவரும் கிளம்பிவிடுகிறார்கள். என்னிடமிருந்து தப்பிக்கத்தான். பத்து நாளுக்கு முன்னால் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டவர்கள்.

இன்று அவர்கள் திரும்பி வரும்போது மாடிப்படியில் நவநீதன் என்னைப்போல நடந்து காட்டிக்கொண்டு வந்தான். முழங்காலை மடக்காமல், இடுப்பில் கை வைத்து, “கால் சேத்து நில்லுடி!” என்று என் குரலிலேயே. தத்ரூபம். சிந்துஜா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

செப்டம்பர் 3, புதன்

எழுத ஒன்றுமில்லை. சாப்பிட்டாயிற்று.

செப்டம்பர் 7, ஞாயிறு

கிரிபென்சிஸ் பூந்தொட்டிக்குள் முட்டை வைத்திருக்கிறது. பெண் உள்ளே விசிறிக்கொண்டிருக்கிறது, ஆண் வாசலில் காவல். டேனியோக்களால் அரைத் தொட்டிக்குக் கீழே இறங்க முடிவதில்லை. ஒன்றுக்கு வால் பாதி போய்விட்டது. அது மட்டும் மேல் மூலையில் நிற்கிறது. அதற்குத் தனியாகக் கொஞ்சம் தீனி போட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று நடந்ததை எழுத மூன்று பக்கம் போதாது. ஆனால் கை வேகமாகப் போகிறது, எழுதிவிடுகிறேன்.

சிந்துஜா போனில் பேசிக்கொண்டிருந்தாள். மகளிர் விடுதி வார்டன். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

“இல்லக்கா, அந்த ரூம வேற யாருக்காவது குடுத்துடுங்க. நான் வரல... இல்ல, அப்படியெல்லாம் சரியாயிடல. வீட்ல மாமியார் படுத்தறாங்க. நான் பாட்டுக்குக் கிளம்பி வந்துட்டா அவன் மட்டும் தனியா மாட்டிப்பான். பாவம்க்கா அவன்.”

மடித்த துணியை மறுபடி உதறி மறுபடி மடித்தேன். மாமியார் படுத்துகிறாள் என்று வீட்டை விட்டுப் போன மருமகளைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்காகவே போகாமல் நிற்கிறவளை இன்றுதான் பார்க்கிறேன். சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கஸ்தூரிக்குப் போன் போட்டு டேனியோ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வால் போன டேனியோ செத்துவிட்டது. நவநீதன் எடுத்து எறியப் போனான். நான் வாங்கிக்கொண்டு போய்க் கீழே செம்பருத்திச் செடி அடியில் புதைத்தேன். “ஒரு டேனியோக்குப் போயா?” என்றான். இன்னொன்று வாங்கினால் போகிறது, உண்மைதான்.

குஞ்சுகள் பொரிந்துவிட்டன. ஊசிமுனை அளவு. அம்மாவும் அப்பாவும் முன்னும் பின்னும் நின்று மேய்த்துக்கொண்டு போகின்றன. இவர்கள் இரண்டு பேரும் தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்க்கிறார்கள். நான் சோபாவில் உட்கார்ந்து, தரை துடைக்கவில்லை என்று குறை சொன்னேன். இரண்டு பேரும் காதில் வாங்கவே இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் இருவரும் என் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். சோபாவின் ஒரே பக்கத்தில். நவநீதன் கையைப் பிசைந்தான். சிந்துஜா அவன் முழங்கையைத் தொட்டாள். அதன் பிறகு பேசினான். ஏற்கெனவே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுபோல இருந்தது.

“ம்மா, தப்பா எடுத்துக்காத. நாங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு எடுத்திருக்கோம்.”

“என்னடா முடிவு?”

“ரெட்டேரி பக்கம் ஒரு வீடு பாத்திருக்கோம். கீழ் வீடுதான், உன் காலுக்கும் நல்லது. பக்கத்துலதான், வாரா வாரம் நாங்க வந்துடுவோம்.”

“உங்களுக்கும் கொஞ்சம் ஃப்ரீயா இருக்கும்த்தை” என்றாள் சிந்துஜா. அவள் கண்ணில் நீர் நின்றது. நல்ல பெண்.

நாங்க, நாங்க என்று அவன் வாய் நிறையச் சொன்னான். அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை நாள் கழுதையாய்க் கத்தினேன். கிடைத்துவிட்டது. கிடைக்கும்போது இப்படி நெஞ்சில் வந்து இடிக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. ஜெயித்தவள் வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் என்பதால் பேசாமல் இருந்தேன். கோபத்தில் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவும் நல்லதுதான்.

அந்த வீட்டைப் பார்க்க நாலைந்து நாள் சாயங்காலம் பைக்கில் ஒன்றாக அலைந்திருக்கிறார்கள். மழையில்கூட நனைந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 24, புதன்

பெட்டி கட்டுகிறேன். விருதுநகர் வீட்டைக் காலி செய்யச் சொல்லட்டுமா என்று நவநீதன் கேட்டான். வேண்டாம் என்றேன். கைக்குழந்தைக்காரர்களைக் கிளப்பக் கூடாது. அதோடு, ரெட்டேரிதான் இங்கிருந்து கிட்ட.

செப்டம்பர் 28, ஞாயிறு

வந்துவிட்டேன். ஒரு அறை, ஒரு அடுப்படி, வாசலில் குழாய்.

கிளம்பும் முன் நவநீதன் கீழே வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். சிந்துஜா மட்டும் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு என் எதிரே நின்றாள்.

“அத்தை, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு.”

“கொழுக்கட்டை அன்னைக்கு நிஜமாவே நல்லா இல்லையா?”

நான் பெட்டியின் வாரை இழுத்துக் கட்டினேன்.

“இல்ல, நான் உங்க ஸ்டூடண்ட். மூணு வருஷம் உங்ககிட்ட ஆடியிருக்கேன். எங்க டீச்சர் இப்படிப் பேசுறவங்களே கிடையாது. நீங்க வேணும்னே செஞ்சீங்களா?”

என்னைக் கண்டுபிடிக்க வேறு யாரால் முடியும்? ஆமாம் என்ற ஒரு சொல் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் கட்டிக்கொண்டு அழுவாள். உடனே அவனிடம் ஓடிச் சொல்வாள். பெட்டியைப் பிரித்து வைப்பார்கள். எனக்கு என் அறை, வேளைக்குச் சாப்பாடு, சாயங்காலம் பேச ஆள் எல்லாம் கிடைக்கும். அப்புறம்? மூன்று பேரும் ஒருவரையொருவர் நோகாமல் பார்த்துப் பார்த்து நடந்துகொள்வோம். பொங்கல் வரும், பின்னாலேயே வக்கீலும் வருவார்.

“வேணும்னு ஒருத்தி ரப்பர் பந்தத் திம்பாளா?” என்றேன். “உங்கம்மா உனக்கு மாவு பிசையக்கூடச் சொல்லித் தரல. நான் மட்டும் சும்மா இருக்கணுமா?”

அவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது. கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையை ஆட்டி ஆட்டி அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு அவள் தோளில் கை போட்டான். அப்படியே நின்றார்கள்.

என் கட்டிலை ஆளுக்கொரு முனையாகத் தூக்கி இங்கே போட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு வலித்தது, இப்போதும் வலிக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது. புது ஒற்றுமை, நாலு நாளில் ஆறிப்போகும். நாளைக் காலை அவர்கள் டிபன் சாப்பிடும் நேரமாகப் பார்த்துப் போன் போட வேண்டும். என்ன வீடு பார்த்தீர்கள், குழாய் ஒழுகுகிறது என்று பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் பைக்கில் ஓடி வருவார்கள், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு. போய்க் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தேன். சொட்டுகூட ஒழுகவில்லை. வாஷரைக் கழற்றி வைத்திருக்கிறேன்.